கோட்டுக்குள் கோடு: மழலையரும் வானமும்

நேயர்களுக்கு வணக்கம்.

மழை ஓய்ந்த ஒரு காலையில், நான் பணியாற்றும் மழலையர் பள்ளியின் முற்றத்தில் நீர் தேங்கியிருந்தது. அதன் விளிம்பை ஒட்டிக் குழந்தைகள் சாக்பீஸால் ஒரு கோடு வரைந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது நீர் கோட்டைவிட்டு உள்ளே ஒடுங்கியிருந்தது. மறுபடியும் ஒரு கோடு. நண்பகலுக்குள் கோட்டுக்குள் கோடாக ஐந்து கோடுகள் சேர்ந்துவிட்டன. நடுவில் உள்ளங்கை அளவு நீர்தான் மிச்சம். “தண்ணீரை யார் குடித்தது?” என்று ஒரு சிறுமி கேட்டாள். “சூரியன்தான்” என்றான் பக்கத்தில் குந்தியிருந்தவன்.

“இல்லை, நீர் ஆவியாகிவிட்டது” என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு அது இன்னொரு புதுச் சொல்லாக மட்டுமே இருந்திருக்கும். ஆகவே மறுநாள் மூன்று தட்டுகளில் ஒரே அளவு நீர் ஊற்றினோம். ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்தோம். மூன்றாவதைக் கண்ணாடி மூடியால் மூடி வெயிலிலேயே விட்டோம். வெயிலில் இருந்த தட்டு முதலில் காய்ந்தது. நிழலில் இருந்ததும் அதற்கடுத்த நாள் காலைக்குள் காய்ந்துவிட்டது. சூரியன் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில் நீர் எப்படிக் குறைந்தது? அந்தப் பையன் நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அப்படியென்றால் காற்றும் குடிக்கும்” என்றான். மூடிய தட்டிலோ நீர் அப்படியே இருந்தது. மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் துளிகள். “குடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டது” என்றாள் சிறுமி.

அவன் ஒரு கருத்தைச் சொன்னான், அதற்கு ஒவ்வாத ஒன்றைக் கண்டான், தன் கருத்தைத் தானே திருத்திக்கொண்டான். யாரும் அவனைத் திருத்தவில்லை. விண்வெளியையும் வானிலையையும் மூன்று, நான்கு, ஐந்து வயதில் எப்படித் தொடங்குவது என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் நான் இந்தத் தட்டுகளைத்தான் சொல்வேன்.

பொதுவாக நாம் தொடங்கும் இடம் வேறு. கோள்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வைக்கிறோம். குழந்தை அழகாக ஒப்பிக்கும், வீட்டில் எல்லோரும் மகிழ்வோம். 2006-ஆம் ஆண்டு சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியபோது ஒன்பது பெயர்ப் பட்டியல் எட்டாகிவிட்டது. பட்டியலை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அன்று ஒரு பெயர் போயிற்று. தன் நிழலை ஒரு நாள் முழுக்கப் பார்த்த குழந்தைக்கு எதுவும் போகவில்லை.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒரு குழந்தையை முற்றத்தில் நிறுத்தி, இரண்டு பாதங்களைச் சுற்றியும் நிழலைச் சுற்றியும் கோடு வரையுங்கள். பன்னிரண்டு மணிக்கு அதே பாதக் குறிகளில் அதே குழந்தை நிற்கட்டும். நிழல் கோட்டுக்குள் அடங்காது. குட்டையாகி வேறு பக்கம் திரும்பியிருக்கும். முதல் முறை பார்க்கும் குழந்தைகள் யாரோ கோட்டை அழித்து மாற்றிவிட்டதாகச் சண்டை பிடிப்பார்கள். மூன்று மணிக்கு மீண்டும் நிறுத்துங்கள். நிழல் மறுபுறம் நீண்டிருக்கும். அடுத்த நாள், “பன்னிரண்டு மணிக்கு நிழல் எங்கே விழும்? அங்கே ஒரு கல்லை வை” என்று சொல்லிப் பாருங்கள். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லி, காத்திருந்து சரிபார்க்கும் பழக்கம் அந்தக் கல்லில் தொடங்குகிறது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: நிழலைப் பார்க்கலாம், சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் கூடாது.

பூமி சுழல்கிறது என்பதைக் காட்டப் பலரும் உலக உருண்டையைச் சுழற்றுவார்கள். இந்த வயதுக்கு அது கடினம் என்பது என் கருத்து. உருண்டையை வெளியிலிருந்து பார்க்கும் குழந்தை, தானே அதன் மேல் நிற்பதாக எண்ண வேண்டுமே! 1992-இல் ஸ்டெல்லா வொஸ்னியாடூ, வில்லியம் புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பூமி உருண்டை என்று வாயால் சொன்ன பள்ளிக் குழந்தைகள் சிலர், உருண்டையின் உள்ளே தட்டையான தரை இருப்பதாகவும் மக்கள் அதில் வாழ்வதாகவும் நினைத்தார்கள். கேட்டதையும் கண்டதையும் ஒட்டவைக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. எனக்கு அந்தக் குழந்தைகள் மேல் மரியாதைதான் வருகிறது.

அதனால் நாங்கள் குழந்தையின் தலையையே பூமியாக்கிக்கொள்கிறோம். இருண்ட அறையின் நடுவில் ஒரு விளக்கு. குழந்தை விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கும். மூக்கு நுனிதான் நம் வீடு. இப்போது இரவு. மெல்ல இடப்பக்கமாகத் திரும்பச் சொல்கிறோம். இடது காதின் பக்கம் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறது, விடியல்! விளக்கு நேர் எதிரே வந்தால் நண்பகல், வலது காதுக்குப் பின்னால் மறைந்தால் அந்தி. விளக்கு இடம்விட்டு அசையவே இல்லை என்பதை அந்த உடம்பு அறிந்துகொள்கிறது. ஒவ்வொருவரும் நான்கைந்து நாள் சுற்றிக் களைக்கும் வரை நாங்கள் வேறு எதையும் பேசுவதில்லை.

வானிலைக்கு வருகிறேன். இடி இடித்தால் குழந்தைகள் பயந்து நம்மைக் கட்டிக்கொள்வார்கள். “மேகமும் மேகமும் மோதிக்கொள்கின்றன” என்று ஆறுதலுக்குச் சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்ல வேண்டாம். எளிமைக்காகச் சொல்லும் தவறு, பல ஆண்டுகள் கழித்தும் மனத்தைவிட்டு இறங்குவதில்லை. மின்னல் தன் வழியிலுள்ள காற்றை நொடிப்பொழுதில் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறது. அது சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. அந்தக் காற்று சட்டென்று விரிவதுதான் இடியோசை. குழந்தையிடம் இவ்வளவும் சொல்லத் தேவையில்லை. “மின்னல் காற்றைச் சூடாக்கியது, காற்று படீரென்று விரிந்தது” என்றால் போதும், அதில் பொய் இல்லை. பிறகு வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்து எண்ணும் விளையாட்டைத் தொடங்கலாம். மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக, நொடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போல வருவதால், மூன்று எண்ணினால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் அது விலகிப் போகிறது. எண்ணத் தொடங்கிய குழந்தை அடுத்த இடிக்காகக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. பிரான்சிஸ் போஃபர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1805-இல், கண்ணால் காண்பதை வைத்தே காற்றின் வலிமையை வரிசைப்படுத்தினார். அந்த வரிசை பின்னாளில் தரைக்கும் பொருந்துமாறு விரிவாக்கப்பட்டது: புகை நேராக மேலெழுந்தால் பூச்சியம், இலை சலசலத்தால் இரண்டு, சிறு மரங்கள் ஆடினால் ஐந்து. குழந்தைகள் இதைத் தங்கள் உடம்பாலேயே நடித்துக் காட்டுவார்கள். திசைக்கு ஒரு குச்சியில் கட்டிய ரிப்பன் போதும். இதில் தமிழ் நமக்கு ஒரு கொடையைத் தந்திருக்கிறது. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துக் காற்றுக்குப் பெயரிடுவதுதான் இன்றைய வானிலையாளர்களின் வழக்கமும். இந்த நான்கு சொற்களையும் நான்கு மூலைகளுக்கு வைத்து ஓடிப்பிடித்து விளையாடலாம்.

கடைசியாக நிலா. திங்கள் என்ற ஒரே சொல்லால் நிலவையும் மாதத்தையும் குறிக்கிறோம். வளர்ந்து தேய்ந்து மீண்டும் அதே வடிவத்துக்கு வர அதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் ஆகிறது. தினமும் ஒரு வட்டத்தாளில் பார்த்த வடிவத்தைத் தீட்டி ஒட்டினால் குழந்தையே அதைக் கண்டுகொள்ளும். தொலைவைக் காட்ட நான் ஒரு கூடைப்பந்தையும் ஒரு டென்னிஸ் பந்தையும் எடுத்துக்கொள்வேன். பூமி கூடைப்பந்து என்றால் நிலா டென்னிஸ் பந்து அளவுதான். நிலாவை எங்கே வைப்பது என்று கேட்டால் குழந்தைகள் ஒரு சாண் தள்ளி வைப்பார்கள், பெரியவர்களும் அப்படித்தான். உண்மையான இடைவெளி ஏழு மீட்டருக்கும் அதிகம். பூமியிலிருந்து நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, பூமியைப் போன்ற முப்பது உருண்டைகளை வரிசையாக அடுக்கும் தூரம். அவ்வளவு தள்ளி இருப்பதால் நாம் சில அடிகள் நடந்தால் அதைப் பார்க்கும் கோணம் கண்ணுக்குத் தெரியும்படி மாறுவதே இல்லை. நிலா தங்கள் பின்னாலேயே வருவதாகக் குழந்தைகள் நம்புவதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே பதிவு செய்திருக்கிறார்.

நிலாவுக்காக இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. வளர்பிறைக் காலத்தில் பிற்பகலிலும், தேய்பிறைக் காலத்தில் காலையிலும் பகல் நிலா தெரியும். அப்படி ஒரு காலையில் இரண்டு குழந்தைகளை முற்றத்தின் நடுவில் முதுகோடு முதுகாக நிறுத்தி, நிலாவைப் பார்த்தபடியே ஆளுக்கொரு பக்கமாக இருபது அடி நடக்கச் சொன்னேன். இருவரும் திரும்பி ஓடிவந்து, “என்னோடுதான் வந்தது”, “இல்லை, என்னோடுதான் வந்தது” என்று மல்லுக்கு நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நடக்காமல் நடுவில் நின்றிருந்த மூன்றாவது குழந்தை இருவரையும் பார்த்துச் சொன்னாள்: “அது எங்கேயும் போகவில்லை. நான் இங்கேயேதான் இருந்தேன், என்னோடும் இருந்தது.”

வணக்கம்.