சேற்றுப் படங்கள்: சிலருக்கு ஏன் பிடிக்கிறது, எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

[காட்சி: மலேசியாவின் பினாங்கு மாநிலம், செபராங் பிறையில் உழுது தண்ணீர் கட்டிய வயல்]

வணக்கம். இது பெரியவர்களுக்கான வீடியோ. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அப்புறம் பாருங்கள்.

தலைமுதல் கால்வரை சேறு அப்பிய ஒரு பெண்ணின் படம். பலருக்கு அது வேடிக்கை, சிலருக்குக் காம ஈர்ப்பு. சேறு மட்டுமல்ல, கஸ்டர்ட், பெயின்ட், கேக் கிரீம் எல்லாம் இந்த வகையில் சேரும். பிரிட்டனில் 1989-லேயே இதற்கென்று தனி இதழ் வந்தது.

மனநோயா? இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டின்படி, விநோதமான ஆசை மட்டும் நோயாகாது. தனக்கு வேதனையோ பிறருக்குத் தீங்கோ வந்தால்தான் கோளாறு.

[காட்சி: வாளியில் வெள்ளைக் களிமண், கலக்கும் கை]

படத்தில் இருப்பது பல நேரம் வயல் சேறு அல்ல. அழகுப் பொருள்களில் சேர்க்கும் கயோலின், பெண்டோனைட் மாதிரியான சுத்தக் களிமண்ணை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, நிறம் சேர்க்கிறார்கள். குளிர்ந்த சேறு உடம்புச் சூட்டை இழுத்துவிடும், கொஞ்ச நேரத்தில் பல் கிட்டும். பெண்டோனைட் தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு ஊதும். மிச்சத்தைக் குளியலறைக் குழாயில் ஊற்றினால் அடைப்புதான், பிளம்பருக்கு என்ன சொல்லிச் சமாளிப்பது?

'இயற்கையாக இருக்கட்டும்' என்று பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் வயலில் இறங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். நம் ஊர் ஈர மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமி உண்டு, எலி மூத்திரம் கலந்த நீரில் எலிக்காய்ச்சலைக் கொடுக்கும் லெப்டோஸ்பைரா கிருமி உண்டு. காலில் சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். சர்க்கரை நோயாளிகளுக்கு மெலியோய்டோசிஸ் உயிருக்கே உலை வைக்கும். சேற்றில் இறங்கியபின் காய்ச்சல் வந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் 'சேற்றில் இருந்தேன்' என்று சொல்லிவிடுங்கள்.

[காட்சி: வாட்ஸ்அப் திரை, பகிர்வுப் பொத்தான்]

சரி, சட்டம். மலேசியக் குற்றவியல் சட்டம் 292-வது பிரிவின்கீழ் ஆபாசப் பொருளை விற்றாலோ பரப்பினாலோ 3 ஆண்டுவரை சிறை. கைப்பேசியில் வைத்திருந்ததற்கே வழக்குப் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் பகிர்ந்தால் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-வது பிரிவும் பாயும். 2025 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5 லட்சம் ரிங்கிட்வரை போகலாம். உடை உடுத்திய சேற்றுப் படம் ஆபாசமா என்பதை நீதிமன்றம்தான் சொல்லும், உங்கள் குரூப் அட்மின் அல்ல.

அந்தப் பெண் பணம் வாங்கிக்கொண்டு, சம்மதித்தே நடித்திருக்கலாம். அந்தச் சம்மதம் படம் எடுத்தவருக்குக் கொடுத்தது, ஃபார்வர்ட் செய்யும் உங்களுக்கு அல்ல.