ஆச்சே சமாதான ஒப்பந்தம்: மார்ட்டி அஹ்திசாரி அதை எப்படிக் கட்டினார்?

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு ஒப்பந்தத்தைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். 2005 ஆகஸ்ட் 15, ஹெல்சின்கி. ஒரு பக்கம் இந்தோனேசிய அரசு. இன்னொரு பக்கம், அந்த நாட்டோட ஆச்சே மாகாணத்தைத் தனிநாடாக்கப் போராடின, ‘காம்’னு சுருக்கமா சொல்ற ஆச்சே விடுதலை இயக்கம். சாட்சின்னு போட்டு மூணாவதா ஒரு கையெழுத்து இருக்கு பாருங்க, அது மார்ட்டி அஹ்திசாரியோடது. ஃபின்லாந்தோட முன்னாள் ஜனாதிபதி, 2008-ல நோபல் அமைதிப் பரிசு வாங்கினவர், 2023 அக்டோபர்ல 86 வயசுல காலமானார்.

அவரைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். 1937-ல வீபுரிங்கற ஊர்ல பிறந்தார். ரெண்டு வருஷத்துல சோவியத்தோட போர். அந்த ஊரே கைவிட்டுப் போச்சு, இன்னைக்கு அது ரஷ்யாவுல இருக்கு. அந்தப் பகுதியிலேருந்து இடம்பெயர்ந்தவங்க 4 லட்சம் பேர் இருப்பாங்க, அதுல இவரு குடும்பமும் ஒண்ணு. ஆசிரியர் பயிற்சி முடிச்சிட்டு கராச்சியில வேலை பார்த்தார். 1965-ல வெளியுறவு அமைச்சகத்துல சேர்ந்தார், அப்புறம் தான்சானியாவுக்குத் தூதர். அங்கதான் நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாபோ தலைவர்களோட பழக்கம் ஆச்சு. அந்தப் பழக்கம்தான் அவரை ஐ.நா. பக்கம் இழுத்துட்டுப் போச்சு.

நமீபியாவுல நடந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, ஆச்சேவுக்கு அது தேவைப்படும். 1989 ஏப்ரல் 1 போர்நிறுத்தம் தொடங்க வேண்டிய நாள். ஐ.நா.வோட பிரதிநிதியா அஹ்திசாரி தலைநகர் விண்ட்ஹூக்ல இருக்கார். ஆனா ஐ.நா. படையில பெரும்பகுதி இன்னும் வந்து சேரல. நியூயார்க்ல பட்ஜெட் இழுபறி, மார்ச் மாசம்தான் காசுக்கு அனுமதியே கிடைச்சது. அதே நாள்ல ஸ்வாபோ போராளிகள் அங்கோலா எல்லையிலேருந்து உள்ள வந்துட்டாங்க. தடுக்கவோ, குறைஞ்சபட்சம் என்ன நடக்குதுன்னு பார்க்கவோகூட அங்க கண்காணிப்பாளர் இல்ல. கடைசியில, அப்போ நமீபியாவை ஆண்டுட்டிருந்த தென்னாப்பிரிக்காவோட, முகாம்ல முடங்கியிருந்த படையை வெளியே விட அனுமதிக்க வேண்டியதாப் போச்சு. சில நாள்ல 300 பேருக்கு மேல செத்தாங்க. ஏப்ரல் 9-ம் தேதி மவுண்ட் எட்ஜோவுல பேசித்தான் மறுபடி பாதைக்குக் கொண்டு வந்தாங்க. நவம்பர்ல தேர்தல், 1990 மார்ச் 21-ல விடுதலை. முடிவு நல்லபடியா வந்துச்சு, ஆனா அந்த ஏப்ரல் உயிர்கள் போனது போனதுதான்.

இப்போ ஆச்சேவுக்கு வருவோம். சுமத்ரா தீவோட வடக்கு முனை. 1976-ல ஹசன் டி டீரோ தொடங்கின இயக்கம் காம். அதோட தலைமை ஸ்டாக்ஹோம்ல, படை காட்டுல. சுமார் 15,000 பேர் செத்திருப்பாங்கன்னு பரவலா ஒரு மதிப்பீடு உண்டு. அஹ்திசாரிக்கு முன்னாடி ஜெனீவாவுல இருக்கற, சமரசப் பேச்சு நடத்தற ஹென்றி டுனான்ட் மையம் முயற்சி பண்ணி, 2002 டிசம்பர் 9-ல ஒரு போர்நிறுத்த ஒப்பந்தம் வாங்கினாங்க. ஆறு மாசம்கூட நிக்கல. 2003 மே மாசம் இந்தோனேசியா ராணுவச் சட்டத்தை அறிவிச்சிருச்சு.

ஏன் உடைஞ்சது? அதுல முதல்ல சண்டையை நிறுத்தறோம், ஆச்சே யாருக்குங்கறதை அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டாங்க. காம் சுயாட்சியை ஏத்துக்கிச்சுன்னு ஜகார்த்தா, அதாவது இந்தோனேசிய அரசு, சொல்லுது. இது விடுதலைக்கு ஒரு படின்னு காம் தன் ஆளுங்ககிட்ட சொல்லுது. ஒரே தாளுக்கு ரெண்டு அர்த்தம். ஆயுதத்தை ஓரிடத்துல வைக்கணும்னு வந்தப்போ ரெண்டு பேருமே நகரல, கண்காணிப்புக் குழுவோட அலுவலகத்தைக் கும்பல் வந்து அடிச்சது.

அஹ்திசாரி இதைத் தலைகீழாப் பண்ணார். போர்நிறுத்தத்தை முன்நிபந்தனையா வைக்கவே இல்ல. முதல்ல கடைசி முடிவு என்னன்னு பேசணும். எல்லாத்துலயும் உடன்பாடு வந்தாத்தான் எதுலயும் உடன்பாடு வந்ததா அர்த்தம், இதுதான் அவரோட விதி. இதனால என்ன லாபம்னா, பாதியில ஒரு சின்னச் சலுகையை வாங்கிட்டு யாரும் எழுந்து போக முடியாது. பேச்சு நடக்கும்போது அங்க சண்டை தொடரும், ஆட்கள் சாவாங்க. இது கசப்பான முறை, அதை மறைக்கவே கூடாது. ஆனா ஆச்சேயில முந்தின முறை எங்க போய் முடிஞ்சதுன்னு இப்பதான் பார்த்தோம்.

முதல் சுற்று 2005 ஜனவரி கடைசியில, ஹெல்சின்கி பக்கத்துல கோனிக்ஸ்டெட்னு ஒரு பழைய மாளிகையில. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, டிசம்பர் 26-ல சுனாமி. ஆச்சேயில மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல உயிரிழப்பு. சுனாமிதான் சமாதானம் கொண்டு வந்துச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அது முழு உண்மை இல்ல. பேச்சுக்கான ஏற்பாடு அதுக்கு முன்னாடியே ஓடிட்டிருந்தது. துணை ஜனாதிபதி யூசுஃப் கல்லா இதுல தீவிரமா இருந்தார். ராணுவச் சட்ட காலத்துல காம் நல்லா அடி வாங்கியிருந்தது. சுனாமி வேகத்தைக் கூட்டுச்சு, வெளிநாட்டு ஆட்கள் உள்ள வரக் கதவைத் திறந்துச்சு. அதே அலை அடிச்ச இலங்கையில, அரசும் புலிகளும் நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூன்ல போட்ட ஏற்பாட்டை ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வெச்சது. அடுத்த வருஷமே அங்க முழுப் போர். அதனால பேரழிவு வந்தா தானா சமாதானம் வந்துரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அஹ்திசாரி காம் ஆட்கள்கிட்ட மூடி மறைச்சுப் பேசல. விடுதலைதான் வேணும்னா என் நேரத்தை வீணாக்காதீங்கன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டார். ரெண்டாவது சுற்று பிப்ரவரியில. அங்க காம் தனிநாட்டை ஓரமா வெச்சிட்டு ‘சுயஆட்சி’ன்னு பேச ஆரம்பிச்சது. அப்புறம் ஏப்ரல், மே, ஜூலைன்னு இன்னும் மூணு சுற்று. ஆறே மாசத்துல முடிஞ்சது.

கடைசிச் சுற்றுல மாட்டிக்கிட்ட விஷயம் உள்ளூர்க் கட்சி. இந்தோனேசியச் சட்டப்படி ஒரு கட்சின்னா நாட்டோட பாதி மாகாணங்கள்லயாவது கிளை இருக்கணும். ஒரு மாகாணத்துக்குன்னு தனிக் கட்சி தொடங்கவே முடியாது. தேசியக் கட்சிகள் காம் ஆட்களை வேட்பாளரா நிறுத்தும்னு ஜகார்த்தா சொல்லிப் பார்த்தது, காம் ஒத்துக்கல. ஆயுதத்தைக் கொடுத்துட்டு அடுத்தவன் கட்சியில போய் நிக்கணுமா? நியாயமான கேள்வி. ஒரு வருஷத்துல, தள்ளிப்போனா 18 மாசத்துக்குள்ள ஆச்சே கட்சிகளுக்கு வழி பண்ணித் தர்றோம்னு எழுதினதும்தான் பூட்டு திறந்துச்சு.

திரையில இப்போ ஒப்பந்தத்தோட நாலாவது பகுதியைப் போட்டிருக்கேன். சமாதான வேலையோட கைத்திறன் இங்கதான் தெரியும். காம் 3,000 போராளிகளைக் கலைக்கணும், 840 ஆயுதம் ஒப்படைக்கணும். செப்டம்பர் 15-ல தொடங்கி, டிசம்பர் 31-க்குள்ள, நாலு கட்டமா. ஒவ்வொரு கட்டத்தையும் கண்காணிப்புக் குழு சரிபார்த்த உடனே, அதுக்கு இணையா வெளி மாகாணங்கள்லேருந்து வந்த ராணுவமும் போலீஸும் கிளம்பணும். மிச்சம் இருக்கலாம்னு எழுதின எண்ணிக்கை ராணுவத்துக்கு 14,700, போலீஸுக்கு 9,100. ஒரு பிளாட்டூனுக்கு, அதாவது ஒரு சின்னப் படைப்பிரிவுக்கு, மேல படை நகர்ந்தா, முன்கூட்டியே கண்காணிப்புத் தலைவருக்குத் தகவல் சொல்லணும். எந்தக் கட்டத்துலயும் ஒருத்தர் மட்டும் வெறுங்கையோட நிக்க மாட்டாங்க, அப்படி அமைச்சிருக்கார்.

ஆயுதம் எப்படி வாங்கினாங்கன்னு பாருங்க. ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து ஆசியான் நாடுகளும் சேர்ந்த குழு, தலைவர் நெதர்லாந்துக்காரர் பீட்டர் ஃபெய்த். திறந்த மைதானத்துல, மக்கள் முன்னாடி, ஒவ்வொரு துப்பாக்கியையும் வாங்கி, பதிஞ்சு, சுடற நிலையில இருக்கான்னு பார்த்து, அங்கேயே ரம்பத்தால அறுத்தாங்க. காம் மொத்தம் 1,018 கொடுத்தாங்க. அதுல 178 தகுதி இல்லன்னு தள்ளுபடி. 840 கணக்குல ஏறுச்சு. அந்த 840-லயும் 71-ஐ அரசு தரப்பு மறுத்தது. வாரா வாரம் மூணு தரப்பும் ஒரே மேசையில உட்கார்ந்ததால, அந்தத் தகராறு தெருவுக்கு வராம அங்கேயே முடிஞ்சது. அங்கயும் தீரலன்னா அடுத்த மட்டத்துக்குப் போகும், கடைசியில அஹ்திசாரியோட தீர்ப்பு ரெண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும்னு ஆறாவது பகுதியில எழுதியிருக்கு. நடுவரோட வேலை கையெழுத்தோட முடியலங்கறதை ஒப்பந்தத்துலயே போட்டுட்டார்.

இப்போ அந்த நமீபியா ஏப்ரலைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆச்சே கண்காணிப்புக் குழு முறைப்படி தொடங்கினது செப்டம்பர் 15. ஆனா ஆகஸ்ட் 15-ல, கையெழுத்தான அன்னைக்கே, சுமார் 80 பேர் கொண்ட முதல்கட்டக் குழு களத்துல இருந்துச்சு. அந்த ஒரு மாச இடைவெளியைச் சும்மா விடல. ஒப்பந்தம் 15 நாள்ல பொது மன்னிப்புன்னு சொல்லியிருந்தது, அதுவும் ஆகஸ்ட் முடியறதுக்குள்ள வந்துருச்சு.

எல்லாமே சரியா நடந்துச்சான்னா, இல்ல. 3,000-ங்கற எண்ணிக்கை ரொம்பக் குறைவு, உண்மையான போராளிகள் அதைவிட அதிகம். பெயர்ப் பட்டியல் கொடுத்தா நாளைக்கு வேட்டையாடுவாங்கன்னு பயந்து காம் பட்டியல் தரல. உதவிப் பணம் தளபதிகள் கை வழியாப் போச்சு, கீழ இருக்கறவனுக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேர்ந்துச்சு. தளபதிக்கு நெருக்கமா இருந்தவங்க கான்ட்ராக்ட் வேலை எடுத்து வளர்ந்தாங்க, மத்தவங்க கசப்போட நின்னாங்க. எண்ணிக்கையை அரசியலுக்காகக் குறைச்சு எழுதினா வர்ற விளைவு இது. எனக்கு இந்த ஒப்பந்தத்துல பெரிய குறையாத் தெரியறது இதுவும், அடுத்து சொல்லப் போறதும்.

தேதி போட்ட விஷயமெல்லாம் தாமதமானாலும் நடந்துச்சு. புது ஆச்சே சட்டம் 2006 மார்ச் 31-க்குள்ள வரணும், ஜூலையில நிறைவேறுச்சு. டிசம்பர் 11-ல தேர்தல், காம்ல இருந்த இர்வாண்டி யூசுஃப் ஆளுநரா ஜெயிச்சார். ஆனா மனித உரிமை நீதிமன்றம் அமைக்கப்படும்னு எழுதின வரிக்கும், போர்க்காலக் கொடுமைகளை விசாரிக்கற உண்மை ஆணையத்துக்கும் தேதியே கிடையாது. ஆணையத்துக்கு உறுப்பினர்கள் வந்ததே 2016-ல. நீதிமன்றம் இன்னும் வரல. மகனைத் தேடிட்டிருக்கற ஒரு அம்மாவுக்கு, 840 துப்பாக்கியை அறுத்த அதே கறார் இந்த வரியிலயும் இருந்திருக்கணும்.

ஒப்பந்தம் சில பக்கம்தான், ஒரே மூச்சுல படிச்சிரலாம். நாலாவது, அஞ்சாவது, ஆறாவது பகுதிகளை முதல்ல படிங்க. அடுத்த வீடியோவுல 1999 கொசோவோ. யூகோஸ்லாவிய ஜனாதிபதி மிலோசெவிச்சுக்கு முன்னாடி ரஷ்யத் தூதர் செர்னோமிர்தினும் அஹ்திசாரியும் சேர்ந்து வெச்ச தாள்ல என்ன இருந்துச்சுன்னு பார்ப்போம்.