வெட்டும் கேமராவில்தான்: ஒரு கித்தா மரம், ஒரு மங்கு

(திரை: கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு, வெறுமையாக. வெள்ளைச் சொட்டு விழுகிறது. அடுத்த நொடியில் மங்கு கால்வாசி நிறைந்திருக்கிறது.)

இடையில் போன நேரம் அரை மணிக்கும் மேல். இதைக் கணினியில் வெட்டி ஒட்டவில்லை. பதிவை இடைநிறுத்தினேன், காத்திருந்தேன், மறுபடி ஓடவிட்டேன். கேமராவுக்குள்ளேயே படத்தொகுப்பை முடிப்பது என்பது இதுதான். எடுக்கும் வரிசைதான் படத்தின் வரிசை.

1896-லேயே பிரான்சில் திரைப்பட முன்னோடி ஜார்ஜ் மெலியே இப்படித்தான் ஒரு பெண்ணை நாற்காலியிலிருந்து மறைய வைத்தார். பாரிஸ் தெருவில் கேமரா சிக்கி நின்று மீண்டும் ஓடியபோது, குதிரை பஸ் இருந்த இடத்தில் பிணவண்டி வந்துவிட்டது, அதில்தான் தந்திரம் பிடிபட்டது என்பது அவரே சொன்ன கதை. கொஞ்சம் ஜோடனையாக இருக்கலாம். எனக்குப் பிடித்த கதை.

(திரை: மலேசியாவின் சுங்கை சிப்புட், விடிந்த நேரம். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) நடுவே எஞ்சிய கித்தா மரங்கள்.)

முதலில் படத்தின் நீளத்தைக் கட்டுப்படுத்துங்கள். 1965-இல் வந்த சூப்பர் 8 பிலிம் பெட்டியில் 50 அடிதான். நொடிக்கு 18 படச்சட்டம் (பிரேம்) என்று ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. நானும் அதே அளவை வைத்துக்கொண்டேன்.

கைபேசியில் இடைநிறுத்தும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லாம் ஒரே கோப்பாகச் சேரும். பழைய டேப் கேமராவும் போதும், ஆனால் சில நிமிடங்கள் சும்மா நின்றால் அதுவே அணைந்துவிடும் வகைகள் உண்டு.

பால் வெட்டும் அக்காவிடம், "இன்னொரு தடவை வெட்டிக் காட்டுவீர்களா?" என்று கேட்டேன்.

"நல்லா கேட்டாய் தம்பி! இந்த மரத்துக்கு இனி நாளை மறுநாள்தான் கத்தி," என்றார்.

ஆகவே ஒரே தடவைதான். காய்ந்த ஒட்டுப்பாலை உரிக்கும் விரல் 4 நொடி. பட்டையைச் சீவும் கத்தி, மேலிருந்து சாய்வாகக் கீழே வரும்வரை. கோட்டில் பால் வழிவதைக் கேமராவைக் கையில் பிடித்தபடியே பின்தொடர்ந்தேன், ஆடியது, ஆடட்டும்.

பிறகு முக்காலி. மங்குக்கு நேராக நிறுத்தி, குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் மேகம் கடக்கும்போதெல்லாம் படம் கறுத்து வெளுத்து அலையும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நொடி. முக்காலியைத் தொடாமல் பொத்தானை மட்டும் தொட வேண்டும். கொசு கடிக்கும்போது இது சொல்வதுபோல் எளிதல்ல. ஒலியும் படத்தோடு சேர்ந்தே வெட்டுப்படும்: குயில் பாதியில் நிற்கும், எங்கிருந்தோ லோரி முளைக்கும். அந்தத் துண்டு துண்டான காடுதான் இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

என் முதல் முயற்சி பாதியில் போயிற்று. அம்மா அழைத்தார், பதிவு நின்றுவிட்டது. விமானப் பயன்முறையை மறக்காதீர்கள்.

(திரை: அக்காவின் கை மங்கை எடுத்து வாளியில் கவிழ்க்கிறது. மங்கு திரும்ப வரும் முன்பே படம் முடிகிறது.)