சரக்கு லாரியில போயிரும், ஆளு?

வணக்கம் நேயர்களே. பின்தங்கின மாவட்டம், போக்குவரத்து வசதின்னு தலைப்பு குடுத்தாங்க. பெரிய தலைப்பு, எனக்கு நல்லா தெரிஞ்சது எங்க தேனி மாவட்டத்துக்கு வர்ற மதுரை–போடி ரயிலுதான், அத வச்சே பேசிடறேன்.

1928-ல வந்த லைன் அது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல தண்டவாளத்தையே கழட்டிட்டுப் போயிட்டாங்க, சுதந்திரத்துக்கு அப்பறந்தான் திரும்பப் போட்டாங்க. பெறகு 2010 கடைசியில அகலப்பாதை ஆக்குறோம்னு நிறுத்துனாங்க பாருங்க, தேனிக்கு வண்டி வந்தது 2022 மே மாசம், போடிக்கு 2023 ஜூன். வெறும் 90 கிலோமீட்டர், 12 வருசத்துக்கும் மேல. ஆண்டிபட்டி கணவாயில பாறைய வெட்டணும், பாலம் கட்டணும், அதெல்லாம் சரி, ஆனா வருசா வருசம் சொட்டு மருந்து விடுற மாதிரி பணம் ஒதுக்குனா எந்த வேலதான் முடியும்? அதே சென்னையில 2009-ல மெட்ரோ வேலைய ஆரம்பிச்சு 2019-க்குள்ள 45 கிலோமீட்டர் முடிச்சுட்டாங்க, அதுல பாதிக்கு மேல பூமிக்கு அடியில. அதுக்கு ஜப்பான் கடன் வந்துச்சு, மாநில அரசும் பங்கு போட்டுச்சு, ஒத்துக்கறேன். தேனிக்காக அப்படி ஒரு கடன வாங்குவோம்னு யாருக்கும் தோணல, அதான் எனக்கு வருத்தம்.

சரி, ரயில் இல்லாம போடி ஏவாரம் படுத்துருச்சான்னா, இல்லீங்க. ஏலக்கா இடுக்கி மலையில வெளையுது, போடியில ஏலம் போகுது. சல்லடையில சலிச்சு 8 மில்லிமீட்டர் பெரிய காய் தனியா, சின்னக்காய் தனியா, ஓட்டக்காய் தனியான்னு பொம்பளைங்க நாள் பூரா குனிஞ்சு பிரிப்பாங்க, மூட்டை கட்டுனா லாரி ஏறி வடக்க போயிரும். லாரி வாடகைய சரக்கு விலையில ஏத்திக்கலாம். அந்தக் காய் பொறுக்குற அக்காவோட மகன் மதுரையில படிக்கணும்னா, தெனம் பஸ்ஸுக்கு ஆகுற காச அவங்க எதுல ஏத்துவாங்க?

ரயில் வந்துச்சே, அதுக்கும் வழி பொறந்துச்சான்னா, அங்கதான் கூத்து. 2022-ல விட்ட பாசஞ்சர், காலையில மதுரையில கெளம்பி தேனிக்கு வரும், சாயங்காலம் தேனியில இருந்து மதுரைக்குத் திரும்பும். அதாவது மதுரைக்காரங்க தேனி ஆபீசுக்கு வந்து போறதுக்கு அருமையான டைம். தேனிக்காரன் அந்த வண்டியில மதுரை காலேஜுக்குப் போகணும்னா மொத நாள் சாயங்காலமே ஏறிரணும்! போடிக்கு நீட்டுனப்பயும் இதே கதைதான். சென்னை வண்டி வாரத்துல 3 நாள், அது எப்பவாவது போறவங்களுக்கு.

நாங்க புது பாதை எதுவும் கேக்கல, அதே பெட்டிய ராத்திரி போடியில நிறுத்தி வச்சு விடியக்காலம் 6 மணிக்கு மதுரைக்கு விடுங்கன்னுதான் கேக்குறோம்.