அந்தப் பாடத்த யார் நடத்துவா?

வணக்கம் நேயர்களே. செக்ஸ் எஜுகேஷனுக்கும் வளர்ற பசங்க தன்னைத்தானே காயப்படுத்திக்கறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்க, ராத்திரி 11 மணிக்கு மேல டிவில வர்ற வைத்தியர் நிகழ்ச்சிய ஒருதரம் பாருங்க. "இளமையில் செய்த தவறு"ன்னு ஆரம்பிச்சு நரம்புத் தளர்ச்சி, ஞாபக மறதி, கல்யாணத்துக்கே லாயக்கில்லன்னு அடுக்குவாங்க, அத 15 வயசுப் பையன் போர்வைக்குள்ள மொபைல்ல பாத்துட்டு, தூக்கத்துல விந்து வெளியேறுனதுக்கே நம்ம கதை முடிஞ்சுதுன்னு உக்காந்துடறான். யார்கிட்ட போய்க் கேப்பான்?

இந்த பயத்துக்கு 1960லயே மனநல டாக்டர் விக் 'தாத் சிண்ட்ரோம்'னு பேர் வெச்சிட்டாரு. இதோட வர்றவங்கள்ல நிறைய பேருக்கு டிப்ரஷனும் பதட்டமும் சேர்ந்தே இருக்கும், ஆனா விந்து போனதால உடம்புல எந்தக் கெடுதலும் ஆகியிருக்காது. 40 சொட்டு ரத்தம் சேந்து ஒரு சொட்டு விந்துங்கறது சுத்தப் பொய், உடம்பு அத தினமும் உண்டாக்கிட்டேதான் இருக்கு. ஒரே பீரியட்ல சொல்லி முடிக்கற விஷயம்ங்க. நம்ம கிளாஸ்ல இனப்பெருக்கப் பாடம் வந்தா "வீட்ல படிச்சுக்கோங்க"தான்.

2005ல மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வின்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, 2007ல கர்நாடகா, மகாராஷ்டிரா, குஜராத்னு வரிசையா தடை போட்டாங்க, கலாச்சாரம் கெட்டுடுமாம். சொல்லிக் குடுத்தா பசங்க சீக்கிரம் செக்ஸ்ல இறங்கறதில்லன்னு யுனெஸ்கோ 2018 வழிகாட்டுதல்லயே இருக்கு.

பொண்ணுங்க கதை வேற. போட்டோவ மார்பிங் பண்ணி "உங்கப்பாவுக்கு அனுப்பிடுவேன்"னு எவனோ மிரட்டறான். அவனுக்கு பயப்படறத விட அப்பாவுக்குத்தான் அவ அதிகமா பயப்படறா, மிரட்டறவனுக்கும் அது நல்லாத் தெரியும். இது குத்தம், அவ தப்பு இல்ல, சாட் மெசேஜ அழிக்காம வெச்சு கம்ப்ளைன்ட் குடுக்கலாம், போக்சோ (18 வயசுக்குக் கீழ உள்ளவங்க மேல நடக்கற பாலியல் குத்தத்துக்கான சட்டம்) கேஸ்ல அவ பேர மீடியா வெளியிடக் கூடாது, இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த ராத்திரிய தாண்டிடுவா.

செக்ஸ் எஜுகேஷன் ஒண்ணே எல்லாத்தையும் தடுத்துடும்னு நான் சொல்லல, பரீட்சை, வீட்டுச் சண்டை, அப்பாவோட குடின்னு காரணம் பல இருக்கு. ஆனா வெக்கத்தால வர்ற காயத்துக்கு மருந்து நம்ம கையிலயே இருக்கு.

பிள்ளை வெயில்லயும் முழுக்கை சட்டைய கழட்டாம இருந்தா, காயம் கண்ல பட்டா, திட்டாதீங்க, மொபைலப் பிடுங்காதீங்க. சாகணும்னு தோணுதாப்பான்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். 18 வயசுக்குக் கீழன்னா குழந்தைகள் உதவி எண் 1098லயும் கூப்பிடலாம்.