அனஸ்தாஸ் மிக்கோயான்: நாற்பது ஆண்டுகள் உச்சியில்

நேயர்களுக்கு வணக்கம். மிக் போர் விமானத்தின் பெயர் நம் செவிக்குப் பழகியதுதான். அந்தப் பெயரின் முதற்பகுதி, அதை வடிவமைத்தவர்களுள் ஒருவரான அர்த்தியோம் மிக்கோயானைக் குறிக்கும். அவருடைய அண்ணன் அனஸ்தாஸின் அரசியல் வாழ்க்கையே இன்றைய உரையின் பொருள்.

ஆர்மீனியாவின் சனாகின் கிராமத்தில் 1895இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, திபிலிசியில் சமயக் கல்வி பயின்று, 1915இல் போல்ஷெவிக் கட்சியில் சேர்ந்த அவர், 1926 முதல் 1966 வரை, முதலில் மாற்று உறுப்பினராகவும் பின்னர் முழு உறுப்பினராகவும், சோவியத் கட்சியின் தலைமைக் குழுவில் நீடித்தார். கொட்டும் மழையில் குடையின்றித் துளிகளுக்கு இடையே நடந்து நனையாமல் போய்விடுவார் என்று மாஸ்கோவில் அவரைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

அவர் பிழைத்ததற்குச் சாமர்த்தியம் மட்டும் காரணமன்று. வணிகமும் உணவும் அவர் பொறுப்பில் இருந்தன, தலைமைப் பதவிக்கு அவர் ஒருபோதும் போட்டியிடவில்லை. 1936இல் அமெரிக்கா சென்று இறைச்சி, பழரசம், ஐஸ்கிரீம் ஆகியவற்றைத் தொழிற்சாலைகளில் பெருமளவில் தயாரிக்கும் முறைகளை நேரில் கண்டறிந்து வந்து, அவற்றைத் தம் நாட்டில் செயல்படுத்தினார். சோவியத் மக்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டதில் இந்த அமைச்சருக்குப் பெரும்பங்கு உண்டு.

மறுபாதியில் அவர் நன்றாகவே நனைந்தார். 1937இல் ஆர்மீனியக் கட்சியைக் 'களையெடுக்க' எரவானுக்கு அனுப்பப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். போலந்து அதிகாரிகளையும் கைதிகளையும் சுட்டுக்கொல்ல, இரகசியக் காவல்துறைத் தலைவர் பெரியா முன்வைத்த 1940 மார்ச் 5 நாளிட்ட ஆவணத்தில், ஸ்டாலின், வொரோஷிலோவ், மொலோத்தோவ் ஆகியோருடன் அவரும் கையொப்பமிட்டார். அதன் விளைவாக ஏறத்தாழ 22,000 பேர் கொல்லப்பட்டனர். 1943இல் அவருடைய வீட்டுக்கே அந்த அடக்குமுறையின் கை நீண்டது: பள்ளித் தோழன் ஒருவன் விளையாட்டாக எழுதிய கற்பனை அரசாங்கம் தொடர்பான விசாரணையில் பதின்வயது மகன்கள் இருவர் கைதாகி, பின்னர் தஜிகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டனர். தந்தையோ பதவியிலேயே தொடர்ந்தார்.

ஸ்டாலினுக்குப் பிறகுதான் அவரிடம் வேறொரு மனிதரைக் காண்கிறோம். 1956 பிப்ரவரியில், ஸ்டாலினைக் கண்டித்துக் கட்சித் தலைவர் குருஷேவ் ஆற்றிய இரகசிய உரைக்குச் சில நாட்கள் முன்பே, தனிநபர் வழிபாட்டைக் கட்சி மாநாட்டு மேடையில் சாடினார். அதே ஆண்டு, எழுச்சியை அடக்க ஹங்கேரிக்குள் இரண்டாம் முறை படை அனுப்புவதை எதிர்த்தார். அந்த எதிர்ப்பு எடுபடவில்லை. 1962 நவம்பரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டதால் எழுந்த நெருக்கடியைத் தணிக்க அந்நாட்டுத் தலைநகர் ஹவானா சென்றிருந்தபோது மனைவி அஷ்கென் மாஸ்கோவில் இறந்தார். இறுதிச் சடங்கிற்கு மகனை அனுப்பிவிட்டுத் தாம் அங்கேயே தங்கி, கோபத்தில் இருந்த கியூபத் தலைவர் காஸ்ட்ரோவுடன் நாள்கணக்கில் பேசினார். அவருடைய பணிகளுள் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

1964 ஜூலையில் நாட்டின் சம்பிரதாயத் தலைவரானார். அக்டோபரில் குருஷேவை வெளியேற்றிய கூட்டத்தில், அவருக்கு ஏதேனும் ஒரு பொறுப்பையாவது விட்டுவைக்கலாம் என்று பேசினார், மற்றவர்கள் ஏற்கவில்லை. மறு ஆண்டு டிசம்பரில், எழுபது வயதைக் கடந்திருந்த அவரும் அப்பதவியிலிருந்து விலகினார். 1978 அக்டோபர் 21 அன்று மாஸ்கோவில் காலமானார். வணக்கம்.