தொகை எழுதியாச்சு, பதிலுக்கு என்ன?

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் தெருவில் கூரியர் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனபோது, முகம் பார்க்கிற கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. ஒரு கோடி ரூபாய் என்று எழுதி, கீழே ஒரு தேதி.

"என்னடே இது?" என்றேன்.

"காலையிலயும் ராத்திரியும் சத்தம் போட்டு வாசிக்கணும் பெரியப்பா. புஸ்தகத்துல போட்டிருக்கு."

அடுப்படியிலிருந்து அவன் அம்மா, "கரண்டு பில்லை மட்டும் ஒருத்தனும் சத்தம் போட்டு வாசிக்க மாட்டேங்கான்" என்றாள்.

அவன் சொன்ன புத்தகம் நெப்போலியன் ஹில் எழுதிய 'திங்க் அண்ட் க்ரோ ரிச்'. 1937-இல், அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் நொந்து கிடந்தபோது வந்தது. கையில் காசில்லாத காலத்தில் 'மனசை மாற்று, பணம் வரும்' என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்? இன்றும் ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் தொங்குகிறது.

வாங்கி வந்து படித்தேன். செல்வத்துக்கு ஆறு படி சொல்கிறார் ஹில். எவ்வளவு வேண்டும் என்று துல்லியமாக முடிவு செய், எந்தத் தேதிக்குள் என்று குறி, திட்டம் போட்டு உடனே இறங்கு, எல்லாவற்றையும் எழுது, தினமும் இரண்டு வேளை வாசி. ஐந்துதானே ஆச்சு என்கிறீர்களா? விட்டுப்போன ஒன்று, அவர் வரிசையில் இரண்டாவதாக நிற்பது: அந்தப் பணத்துக்குப் பதிலாக நீ எதைக் கொடுக்கப் போகிறாய்? தம்பியின் தாளிலும் அதுதான் இல்லை.

எனக்கு இது புதிதல்ல. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக முப்பது வருஷம் உட்கார்ந்தவன். மனுவில் தொகையைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். 'எந்தத் தொழிலுக்கு' என்ற கட்டம் காலியாக இருக்கும். கேட்டால், "நீங்களே ஏதாவது போட்டுக்கோங்க சார்" என்பார்கள்.

எங்கம்மைக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்ததே இல்லை. பீடி சுற்றினாள். இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தலை நிமிராது. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கடையில் பத்துக் கட்டைக் கழித்துத் தூக்கிப் போட்டால், அன்றைக்கு வீட்டில் குழம்பு நீர்த்துவிடும். என்ன கொடுத்தால் என்ன வரும் என்று அவளுக்கு விரல்நுனியில் தெரியும். ஆனால் ஆயிரத்துக்கு என்ன கூலி என்பதை அவள் மனசு தீர்மானிக்கவில்லை. ஹில்லோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். இந்தக் கூலிக் கணக்குக்கு அவர் புத்தகத்தில் அதிகம் இடமில்லை.

இன்னொன்று. கோடீசுவரர் கார்னெகியை 1908-இல் நேரில் கண்டதாகவும், அவர் தூண்டியே இருபது வருஷம் செல்வந்தர்களை ஆராய்ந்ததாகவும் ஹில் சொல்கிறார். அந்தச் சந்திப்புக்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி. அது கிடக்கட்டும். 1908 என்றதும் நம் பக்கத்து ஆளுக்கு வேறொன்றல்லவா நினைவுக்கு வரும்?

அந்த வருஷம் மார்ச்சில்தான் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியே கொதித்தது. தூத்துக்குடி அன்று நம் ஜில்லா. அங்கே 1906-இல் அவர் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்துக்குப் பத்து லட்ச ரூபாய் மூலதனம். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்கு. ஹில் கேட்கிற ஆசை, நம்பிக்கை, திட்டம், விடாமுயற்சி, கூட்டாளிகள் எல்லாம் அவரிடம் இருந்தன. எதிரில் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஓசியில் ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தார்கள் என்பார்கள். கடைசியில் சங்கம் கலைந்தது. அவர் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். அதை மனசின் குறை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் பாருங்கள், ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் மனமே வாழ்வை ஆக்குகிறது என்று 1903-இல் எழுதிய சின்னப் புத்தகத்தை, 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கித் தந்தவரும் இதே வ.உ.சி.தான். அதோடு விடவில்லை, 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' என்று ஆலனின் நூல்களைத் தொடர்ந்து தமிழில் கொண்டுவந்தார். கப்பல் போன பிறகும் ஒருவர் இந்தப் பேச்சை ஏன் கையிலெடுக்க வேண்டும்? எனக்குப் படுவது இது: பணம் வரும் வழியை அவர் அதில் தேடவில்லை. எது போனாலும் தன் கைவசம் மிஞ்சுவது என்ன என்று பார்த்திருக்கிறார். 1936 நவம்பரில் தூத்துக்குடியில், கஷ்டத்தோடுதான், அவர் கண்மூடினார். ஹில்லின் புத்தகம் அதற்கு அடுத்த வருஷம்.

போன வாரம் தம்பியைப் பார்த்தேன். "பதிலுக்கு என்ன குடுக்கப் போறே, யோசிச்சியாடே?" என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "வண்டி ரிப்பேரு எனக்கு நல்லா வரும் பெரியப்பா. தெருவுல எல்லாரு வண்டியும் நான்தான் பாக்கேன். துட்டுதான் வாங்கினதில்ல." சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் போய், தொகைக்கும் தேதிக்கும் நடுவில் இடுக்கி இடுக்கி ஏதோ எழுதினான்.

"அப்ப எங்கண்ணன் வண்டிக்கும் துட்டு கேப்பியோ?" என்றாள் அவன் அம்மா.